'சிங்கை' என்று தேடினால் கோயம்புத்தூர் வருவது ஏன்?

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளுக்குச் சிங்கப்பூரின் தொடக்ககாலத் தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றி ஓர் ஒப்படைப்புக் கொடுத்திருக்கிறார்கள். 'சிங்கை பத்திரிகை' என்று இணையத்தில் தேடினால் கோயம்புத்தூர் அரசியல் செய்திகள்தாம் வருகின்றன. எங்களோடு இருக்கும் என் தந்தைக்கு வயது 74, நீரிழிவு உண்டு. அவருடைய யூடியூபில், மாத்திரையே இல்லாமல் சர்க்கரையைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் காணொளிகளைத் தவிர இப்போது வேறெதுவும் வருவதில்லை. சரி, நூலகமாவது வேறு மாதிரி இருக்கும் என்று நூலகச் செயலியைத் திறந்தால், அதுவும் எனக்கு ஆங்கிலத் தன்முன்னேற்ற நூல்களையே எடுத்து நீட்டுகிறது. எல்லாம் அல்காரிதம் செய்யும் வேலை என்கிறார்கள். நூலகமும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டதா? அப்படியானால் மகளை நான் எங்கே அனுப்புவது?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் அல்காரிதம் என்று ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறீர்கள். பெயரில் தவறில்லை. எதை முதலில் காட்டுவது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்று கணினி தீர்மானிப்பதற்காக எழுதிவைத்த விதிகளின் தொகுப்புத்தான் அது. ஆனால் உங்கள் மகளின் தேடுபொறியிலும் தந்தையின் யூடியூபிலும் உங்கள் நூலகச் செயலியிலும் அந்த விதிகள் வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை. ஆகவே மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒப்படைப்புக்கு நாள் குறித்திருப்பார்கள் என்பதால் மகளின் சிக்கலிலிருந்து தொடங்குகிறேன்.

நமக்குச் சிங்கை என்றால் சிங்கப்பூர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது சிங்காநல்லூர். அங்குள்ள அரசியல்வாதிகள் சிலர் அதைத் தம் பெயருக்கு முன்னால் அடைமொழியாகவே வைத்துக்கொள்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரத்தையும் சிங்கை என்பார்கள். யாழ்ப்பாண வரலாற்றைப் படித்தவருக்கோ ஆரியச் சக்கரவர்த்திகளின் சிங்கைநகர் நினைவுக்கு வரும். ஆக, ஒரு சொல்லுக்கு நான்கு ஊர்கள் வரிசையில் நிற்கின்றன. யாரை முதலில் உள்ளே விடுவது என்று தேடுபொறி முடிவு செய்தாக வேண்டும். 1998ஆம் ஆண்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகலைத் தொடங்கியபோது அவர்கள் கையிலிருந்த முதன்மையான யோசனை, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுகின்ற பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று எண்ணி, அதைக்கொண்டு வரிசைப்படுத்துவது. இன்று அதோடு வேறு எத்தனையோ அடையாளங்கள் சேர்ந்துவிட்டன. ஆயினும், பலர் நாடுவது மேலே வரும் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் நம் நிலைமை என்ன என்பதைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 72 மில்லியன். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். தமிழில் எழுதப்படும் பக்கங்களும், அவற்றைச் சுட்டும் பக்கங்களும், தட்டிப் படிக்கும் விரல்களும் எந்தக் கரையில் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் உட்லண்ட்ஸில் இருப்பது தேடுபொறிக்குத் தெரியும். பக்கத்தில் சாப்பாட்டுக்கடை தேடும்போது அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் தமிழ்ப் பக்கங்களின் பெருங்கூட்டத்தில் சிங்கப்பூரைப் பற்றியவை ஒரு கைப்பிடிதான் எனும்போது, இருக்கும் இடம் தெரிந்து பெரிய பயன் இல்லை. குறைவாகத் தேடப்படுவது கீழே போகிறது. கீழே போனதை யாரும் தட்டுவதில்லை. யாரும் தட்டாதது இன்னும் கீழே போகிறது. நம்மை யாரும் மறைத்துவைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் குட்டையானவர் பின்னால் நின்றால் மேடை தெரியாதது போன்ற நிலைமைதான் இது.

2009ஆம் ஆண்டின் இறுதியில் கூகல் எல்லாருக்கும் அவரவர் பழக்கத்துக்கேற்ற தேடல் முடிவுகளைக் காட்டத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டில் ஈலை பரீசர் என்ற அமெரிக்கர், இதனால் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த செய்திகளால் மட்டுமே ஆன ஒரு குமிழிக்குள் அடைபட்டுவிடுவோம் என்று எச்சரித்தார். அந்தக் குமிழி என்ற சொல் உலகெங்கும் பரவிவிட்டது. கருத்தரங்குகளில் இன்றும் அதைக் கேட்கிறேன். என் கருத்து வேறு. தேடுபொறியைப் பொறுத்தவரை, சிங்கப்பூர்த் தமிழருக்கு உள்ள தொல்லை தன் விருப்பத்துக்குள் அடைபடுவது அன்று. பிறருடைய பெருவிருப்பத்துக்குள் கரைந்துபோவதுதான். உங்கள் மகள் கோயம்புத்தூர் அரசியலை என்றைக்கும் தேடியிருக்க மாட்டார். ஆனாலும் அது வந்தது.

இதற்கு மேல் தமிழுக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. பத்திரிகை, பத்திரிக்கை, நாளிதழ், செய்தித்தாள் என்று ஒரே பொருளுக்கு நான்கு சொற்கள். எழுதுபவர் எதை எழுதினாரோ அதைத்தான் நாமும் இட வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய தேடல் கருவிகளில் நூலகம் என்று இட்டால் நூலகத்தில் என்பதும் நூலகத்துக்கு என்பதும் அகப்படாது, ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது நம் சொற்களின் வாலே மாறிவிடுகிறது. பழைய அச்சுப்பக்கங்களைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும்போது இன்னொரு தடை வருகிறது: 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு லை, ணை, னை போன்றவை தும்பிக்கை வளைந்தது போன்ற வேறு வடிவத்தில் அச்சாயின; புதிய வடிவத்தை மட்டும் கற்ற கணினி அவற்றைக் கண்டால் தடுமாறும். நூலகப் பட்டியலும் தன் பங்குக்குச் சோதிக்கும். ரோமன் எழுத்தில் தமிழ்த் தலைப்புகளைப் பதியும்போது, நூலகங்கள் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு முறையில் சகரத்துக்கு 'எஸ்' கிடையாது, 'சி' என்ற ஆங்கில எழுத்துத்தான். நாம் பேசும் ஒலியை நம்பி 'எஸ்' எழுத்தில் தொடங்கித் தேடிய பல மாணவர்கள், நூல் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, நூலகரான என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். நூல் அலமாரியில்தான் இருந்தது. தமிழ் எழுத்திலேயே தேடுவது பல நேரங்களில் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

ஆகவே மகளிடம், பொதுச்சொல்லை விட்டுவிட்டுப் பெயரையும் ஆண்டையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்று நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களில் ஒன்று 'சிங்கை நேசன்'. 1887ஆம் ஆண்டில் தொடங்கி 1890 வரை வெளிவந்தது. அதன் ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு. அவருடைய பெயரை மகுதூம், மகதூம், மக்தூம் என்றும், சாயபு, சாகிப் என்றும் பலவிதமாக எழுதுவார்கள். எல்லாவற்றையும் இட்டுப் பார்க்க வேண்டும். தமிழ் முரசு 1935ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி காலத்தில் தொடங்கியது. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் பழைய இதழ்களைத் தேதிவாரியாகத் திறந்து பார்க்கலாம். சொல்லை இட்டுத் தேடாமல், ஆண்டைத் திறந்து, மாதத்தைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லுங்கள். அந்தப் பாதையில் எது முதலில் வர வேண்டும் என்பதை நாள்காட்டி தீர்மானிக்கிறது. தேடி வந்த செய்திக்குப் பக்கத்தில் இருக்கும் விளம்பரமும் கப்பல் செய்தியும் கண்ணில் படும். ஒப்படைப்புக்கு அவைதாம் உயிர் கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியிடம் கேட்டு வாங்கிய நூற்பட்டியலோடு வருவோர் இப்போது அதிகமாகிவிட்டனர். பட்டியலில் நூலின் பெயர் இருக்கும், ஆசிரியர் இருப்பார், பதிப்பாண்டும் இருக்கும். அப்படியொரு நூல் மட்டும் இருக்காது. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துத் தொடுக்கும் இயந்திரத்துக்கு, தரவு மிகுந்த துறைகளைவிட நம்மைப் போன்ற சிறு வட்டாரங்களில் கற்பனை கூடுதலாக ஓடுகிறது. மகள் அதைப் பயன்படுத்தினால், அது சொன்ன ஒவ்வொரு நூலையும் நூலகப் பட்டியலில் கண்ணால் பார்த்த பிறகே தன் ஒப்படைப்பில் எழுதட்டும்.

உங்கள் தந்தையின் சிக்கல் வேறு வகை. தேடுபொறி, கேட்டதற்குப் பதில் சொல்ல முயல்கிறது. யூடியூபின் பரிந்துரை, கேட்காததை எடுத்து வைக்கிறது. 2012ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் பரிந்துரை முறையை மாற்றியது. அதற்கு முன்பு எத்தனை பேர் தட்டினார்கள் என்பதற்கு இருந்த எடை, அதன் பின் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்குப் போனது. மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் பரிந்துரைகளின் வழியே வருகிறது என்று 2018ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் உயரதிகாரி நீல் மோகனே சொன்னார். உங்கள் தந்தை ஒரு நாள் கவலையோடு ஒரு காணொளியைக் கடைசிவரை பார்த்திருப்பார். அந்தக் கவலையை இயந்திரம் ஆர்வமாக எடுத்துக்கொண்டது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லும் மருத்துவரின் காணொளியை யாரும் இருபது நிமிடம் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இரகசியம் ஒன்றைச் சொல்லப்போவதாக இழுத்துக்கொண்டே போகும் காணொளியைப் பார்ப்பார்கள். உண்மை எது, பொய் எது என்பது அந்த எடைபோடுதலின் மையத்தில் இல்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. அவருடைய கணக்கின் பார்வை வரலாற்றை, அவர் சம்மதத்தோடு, அழித்துவிட்டு நிறுத்திவையுங்கள். 2023ஆம் ஆண்டிலிருந்து, வரலாறு இல்லாதவரின் முகப்புப் பக்கம் வெறுமையாகவே இருக்கும்படி யூடியூப் அமைத்திருக்கிறது. முகப்பு வெறுமையாக இருந்தால், தமக்கு வேண்டிய பட்டிமன்றத்தையோ பழைய பாட்டையோ அவரே தேடித்தான் பார்க்க வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஆனால் அவர் திறன்பேசியை அவருக்குத் தெரியாமல் எடுத்து மாற்றாதீர்கள். 74 வயதுக்காரரிடம் அப்படிச் செய்வது மரியாதையும் ஆகாது, பலனும் தராது. "அப்பா, இதைச் சொல்பவர் யார், எந்த மருத்துவமனையில் வேலை பார்க்கிறார், காணொளியின் முடிவில் எதை விற்கிறார்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தேசிய நூலக வாரியம் 2013ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் தகவலறிவு இயக்கமும் இதையே நான்கு படிகளாகச் சொல்கிறது: மூலத்தைப் பார், புரிந்துகொள், பிற இடங்களில் ஆராய், பிறகு மதிப்பிடு. மருந்தை நிறுத்தியிருக்கிறாரா என்பதை மட்டும் இன்றே கேட்டுவிடுங்கள். நிறுத்தியிருந்தால் இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கும்வரை காத்திராமல், அவர் வழக்கமாகப் போகும் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் பேசுங்கள்.

இனி நூலகம். அதுவும் அகப்பட்டுக்கொண்டதா என்று நீங்கள் கேட்டதைப் படித்தபோது எனக்குச் சற்றுச் சுருக்கென்றது. ஏனென்றால் பதில் பாதி ஆம். செயலிகளின் நூல் பரிந்துரைகள் பொதுவாக, நீங்கள் முன்பு இரவல் பெற்றதையும், அதே நூலைப் பெற்ற மற்றவர்கள் வேறென்ன பெற்றார்கள் என்பதையும் பார்த்து அமைகின்றன. ஆயிரம் பேர் எடுத்த ஆங்கில நூலுக்கு அப்படிப்பட்ட இணைப்புகள் நிறைய கிடைக்கும். நான்கு பேர் எடுத்த தமிழ்க் கவிதைத் தொகுப்புக்கு என்ன இணைப்புக் கிடைக்கும்? திரைக்குப் பின்னாலும் இதே கதைதான். உலகெங்கும் பல நூலகங்கள், இன்ன துறை, இன்ன மொழி, இன்ன விலை என்று முன்கூட்டியே விற்பனையாளரிடம் சொல்லிவைத்து, அந்த வரையறைக்குள் பொருந்துபவற்றின் பட்டியலைப் பெற்றுத்தான் நூல் வாங்குகின்றன. சிறு பதிப்பாளர் ஒருவர் தேக்காவில் வெளியிட்ட நூல் அந்தப் பட்டியலில் ஏறாவிட்டால், தேர்வு செய்யும் நூலகரின் கண்ணிலேயே அது படாமல் போகலாம். மின்னூல்களில் நூலகத்தின் பிடி இன்னும் தளர்வு. அவற்றில் பெரும்பாலானவற்றை நூலகம் உரிமத்தின் பேரில்தான் வைத்திருக்கிறது. 2011ஆம் ஆண்டில் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் நூலகம் மீண்டும் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தபோது நூலகர்கள் கொதித்தெழுந்தது இன்னும் நினைவிருக்கிறது. எந்த உரிமத்தைப் புதுப்பிப்பது என்ற கேள்வி வரும்போது, அதிகம் எடுக்கப்பட்டது எது என்ற எண்ணைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். இரவல் அலமாரிகளில் இடம் போதாதபோது பல ஆண்டுகள் யாரும் தொடாத நூல்களைக் கழிப்பதும் பொது நூலகங்களின் வழக்கம்.

நூலகத்தின் வரிசை கணினி வருவதற்கு முன்பும் நடுநிலையாக இருந்ததில்லை. தமிழ் இலக்கிய நூலின் முதுகில் 894.811 என்று ஓர் எண் ஒட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட பகுப்பு முறையில் வந்தது அது. இலக்கியத்துக்கான எண்ணூறுகளில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830 என்று முழுமுழுப் பத்துகளைக் கொடுத்துவிட்டு, எஞ்சிய உலகமொழிகளை எல்லாம் 890க்குள் நெருக்கிவைத்தார்கள். சங்கப்பாடல் முதல் நேற்று வந்த புதுக்கவிதை வரை ஈராயிரம் ஆண்டு இலக்கியம் ஒரு புள்ளிக்குப் பின்னால் குடியிருக்கிறது. இதுவும் ஒருவகை அல்காரிதம்தான். இதற்குள்ளும் ஓரவஞ்சனை உண்டு. ஆனால் அந்த ஓரவஞ்சனை நூலின் முதுகில் எல்லாரும் பார்க்கும்படி அச்சிடப்பட்டிருக்கிறது, உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி தெரிகிறது, நேற்று நீங்கள் எதைப் படித்தீர்கள் என்பதைப் பொறுத்து இன்று மாறுவதில்லை. அந்த அலமாரியின் முன்னால் போய் நின்றால், ஒருவரும் எடுக்காத நூலும் நூறு பேர் எடுத்த நூலும் தோளோடு தோள் நிற்கும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வகுத்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. பரிந்துரை இயந்திரங்கள் இரண்டாவது விதியைச் செய்வதாகச் சொல்லிக்கொள்கின்றன. மூன்றாவது விதி அவற்றின் கணக்கில் இல்லை.

பாதி ஆம் என்றேன். மற்றப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு படிகளை, வெளியான நான்கு வாரங்களுக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நூலை யாராவது விரும்புவார்களா, எத்தனை பேர் தேடுவார்கள் என்று சட்டம் கேட்பதில்லை. இருநூறு படி அச்சிட்ட தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புக்கும் விற்றுத் தீர்ந்த ஆங்கிலச் சமையல் நூலுக்கும் அங்கே ஒரே தகுதி. 2019ஆம் ஆண்டிலிருந்து, '.sg' என்று முகவரி முடியும் சிங்கப்பூர் இணையத்தளங்களையும் வாரியம் தானே சேகரித்துப் பாதுகாக்கிறது. நாடு பொன்விழாக் கொண்டாடிய 2015ஆம் ஆண்டில், தொண்டூழியர்களின் உழைப்பால் ஏறத்தாழ 350 சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்னிலக்கமாக்கப்பட்டு நூலகத்தின் தொகுப்பில் சேர்ந்தன. எண்ணிக்கையை அளவுகோலாக வைத்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட நின்றிருக்காது. மகளை எங்கே அனுப்புவது என்றீர்களே, விக்டோரியா சாலையில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்துக்கு அனுப்புங்கள். நூல்களை இரவல் கொடுக்காமல் அங்கேயே வைத்துப் படிக்கவிடும் லீ கொங் சியான் நூலகத்தில் தமிழ்த் தொகுப்பு இருக்கிறது.

உங்கள் செயலி ஆங்கில நூல்களையே காட்டுவதற்கு ஒரு காரணம், ஒருவேளை, உங்கள் அட்டையில் நீங்கள் எடுத்ததெல்லாம் அவையாகவே இருப்பதாகவும் இருக்கலாம், கோபித்துக்கொள்ள வேண்டாம். இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. ஆயிரம் பேர் எடுக்கும் நூலில் உங்கள் ஓர் இரவலுக்கு எடையே இல்லை. நான்கு பேர் எடுத்த தமிழ் நூலை நீங்கள் ஐந்தாவது ஆளாக எடுத்தால், அது அலமாரியில் நீடிப்பதற்கு அந்த ஓர் இரவல் காரணமாகலாம். தேடி வந்த நூல் இல்லையென்றால் வாங்கும்படி நூலகத்துக்குப் பரிந்துரை அனுப்புங்கள்; விற்பனையாளரின் பட்டியலில் ஏறாத நூலை நூலகரின் கண்ணில் காட்டுவதற்கு வாசகருக்கு இருக்கும் நேர்வழி அது.

மகள் நேரில் போவதற்கு முன்பு நூலகருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவது நல்லது. அதில் 'சிங்கை பத்திரிகை பற்றி வேண்டும்' என்று பொதுவாகக் கேட்காமல், இதழின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, பள்ளி ஆசிரியர் என்ன கேள்விக்கு விடை தேடச் சொன்னார், இதுவரை எங்கெல்லாம் பார்த்தாயிற்று, ஒப்படைப்பை என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஐந்தையும் குறிப்பிடட்டும். பதில் எழுதுவது ஒரு மனிதர் என்பதால் சில வேலை நாள்கள் ஆகும். இந்த வாரமே எழுதச் சொல்லுங்கள்.